விதைக்கோழி வெளியே போகாது

எங்கள் தெருவில் அவளுக்குச் சண்டைக்கோழி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான். இப்போது வேறு யாராவது அப்படிச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. வைத்தவளுக்கு மட்டும்தான் அந்த உரிமை.

அவள் என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. வயதில் மூத்தவளை அவள் இவள் என்று எழுதுகிறாயே என்று கேட்காதீர்கள். நேரில் "அக்கா, வாங்க, போங்க"தான். முதுகுக்குப் பின்னால் அவள்தான். உலகத்தில் எல்லா ஓரகத்திகளும் இப்படித்தான், என்னை மட்டும் பிடித்துக் கேட்பதில் நியாயம் இல்லை.

பாகம் பிரித்தபோது ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கினார்கள். முன்பக்கம் சுவர் கூரை வரை போகிறது. பின்பக்கம், கோழிக் கொட்டகைகள் இருக்கும் இடத்தில், செங்கல் தீர்ந்துபோனதால் என் தோள் உயரத்தோடு நின்றுவிட்டது. அந்தக் குட்டைச் சுவர் வழியாகத்தான் நாங்கள் இருபது வருஷமாகச் சண்டை போட்டோம், சமாதானமும் ஆனோம். அவள் கணவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. ஒரே மகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டாள். காலையில் பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கப் போவாள். மற்ற நேரமெல்லாம் கோழிதான்.

முப்பத்திரண்டு கோழி. ஒவ்வொன்றுக்கும் அதன் கெட்ட குணத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் கொத்திக்கொண்டே இருப்பதற்கு மாமியார். முட்டை இட்டுவிட்டு ஊரையே கூட்டுவதற்கு ரேடியோ. தன் தட்டில் தீனி இருக்கும்போதே அடுத்த தட்டில் தலையை விடும் ஒரு சிவப்புப் பெட்டைக்குத் தங்கச்சி. அது என்னைத்தான் என்று எனக்குத் தெரியும். கேட்டால், "கோழிக்குப் பேர் வெச்சா உனக்கு ஏன் குத்துது?" என்பாள்.

இவ்வளவு வாய் அவளுக்கு எப்போதும் உண்டு. ஆனால் தெருமுனையில் போய் நின்று ஊரோடு மல்லுக்கட்டும் குணம் நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

கோழிக்குச் சீக்கு வந்தால் எங்கள் பக்கம் முதலில் செய்யும் காரியம் மருந்து தேடுவது அல்ல. இருப்பதிலேயே நல்ல பெட்டை நாலைந்து, ஒரு சேவல், இவற்றைப் பொறுக்கி எடுத்து வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுவோம். அதற்கு விதைக்கோழி என்று பெயர். இங்கே மொத்தமும் செத்தாலும் அங்கே விதை பிழைத்துக் கிடக்கும். சீக்கு அடங்கியதும் திரும்பக் கொண்டுவந்தால் கொட்டகை மறுபடி நிறைந்துவிடும். எங்கள் மாமியார் செய்தார், அவருடைய மாமியார் செய்தார். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததே இல்லை. நல்ல குடும்பப் பெண் என்றால் விதையைக் காப்பாற்றத் தெரிந்தவள் என்று அர்த்தம்.

அந்த வருஷம் பக்கத்துத் தெருவில் கோழிகள் கொண்டை கறுத்துச் செத்தன. வழக்கமாக வரும் வெள்ளைக் கழிச்சல்தான் என்று நினைத்தோம். என் ஓரகத்தி மூன்று பெட்டையையும் ஒரு சேவலையும் கூடையில் வைத்து மகள் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். நாலாம் நாள் அந்தக் கூடையில் போனவை செத்தன. அடுத்த நாலு நாளில் மகள் வீட்டுக் கோழி, மகளின் தெருக் கோழி எல்லாம் போயிற்று. செத்ததை வெறுங்கையால் அள்ளிப் புதைத்தவள் மகள். அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இது பறவைக் காய்ச்சல், மனிதருக்கும் தொற்றலாம் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்துவிட்டார்கள். பத்து நாள். கண்ணாடிக்கு உள்ளே மகள், வெளியே இவள். கடைசியில் அது வேறு ஏதோ காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பத்து நாளும் இவள் என்ன சாப்பிட்டாள், எங்கே தூங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. நானும் போய்ப் பார்க்கவில்லை. அதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கால்நடை ஆபீஸிலிருந்து வந்து கூட்டம் போட்டார்கள். வியாதி ஆற்றைத் தாண்டி எப்படிப் போனது என்று தெரியவில்லை, காட்டுப் பறவையாக இருக்கலாம் என்றார் அந்த ஆபீஸர். எங்கள் தெரு மொத்தமும் காட்டுப் பறவைதான், காட்டுப் பறவைதான் என்று தலையாட்டியது. இவள் எழுந்தாள்.

"காட்டுப் பறவை எல்லாம் இல்லீங்க. வியாதியைக் கூடையில வெச்சு, மேல ஈரத்துணி போட்டு, பஸ்ஸுல டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போனது நான். இங்க உக்காந்திருக்கிற எல்லாரும் அதைத்தான் செஞ்சாங்க. ஆளுக்கு ஒரு ஊருக்கு. கேட்டுப் பாருங்க."

யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் திறந்தார்கள். "தன் தலையில மண்ணைப் போட்டுக்கிட்டா போதாதா, நம்ம தலையிலயும் எதுக்குப் போடறா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்குத்தான் அவளுக்குச் சண்டைக்கோழி என்று பெயர் வைத்தேன்.

அப்புறம் தெருவுக்கு அவள் சட்டம் போட்டாள். ஆபீஸில் கொடுத்த துண்டுக் காகிதத்தை யாரும் படிக்கவில்லை என்பதால் வீடு வீடாகப் போய் வாயாலேயே சொன்னாள். கொட்டகைக்குள் போக ஒரு செருப்பு, வெளியே போக வேறு செருப்பு. சந்தையில் வாங்கிய கோழி பதினாலு நாள் தனிக் கூண்டில். செத்த கோழியைக் கையால் தொடக் கூடாது, சொந்த வீட்டில் செத்தாலும் சொல்லிவிட வேண்டும். மாட்டு டாக்டர் ஆபீஸ் போன் நம்பரை ஒவ்வொரு வீட்டுக் கொட்டகைக் கதவிலும் கரியால் எழுதினாள். என் கதவிலும் எழுதினாள், என்னைக் கேட்காமலே. எல்லாவற்றுக்கும் மேலே, என்ன வந்தாலும் விதைக்கோழி தெருவை விட்டு வெளியே போகாது.

கோழி வியாபாரிதான் முதலில் முட்டிக்கொண்டான். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கூண்டைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். இவள் அவனைத் தெருமுனைக் குழாயடியிலேயே நிறுத்தினாள்.

"உள்ளே வந்து கோழியைப் பார்க்காம எப்படிக்கா விலை சொல்றது?"

"நான் கொண்டுவந்து காட்டுறேன். நீ இங்கேயே நில்லு."

"நான் என்ன பேயா?"

"பேய்னா உள்ளே விட்டிருப்பேன். அதுக்குக் கால் தரையில படாது. நீ பத்து ஊர் எச்சத்தை மிதிச்சிட்டு வர்றே."

ஒரு மாதம் அவன் எங்கள் தெருவுக்கே வரவில்லை. அதற்கும் அவளைத்தான் திட்டினோம். பிறகு அவனே வந்து குழாயடியில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தில் மருந்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு நின்றான். தெருவில் பாதிப் பேர் விஷயம் புரிந்து நடந்துகொண்டார்கள். மீதிப் பேர் அவள் வாய்க்குப் பயந்து நடந்துகொண்டார்கள். கோழிக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று வருஷம் எங்கள் தெருவில் ஒரு கொட்டகைகூடக் காலியாகவில்லை.

நான் மூன்றாவது வகை. அவள் பார்க்கும்போது மட்டும் செருப்பு மாற்றுகிறவள்.

போன வருஷம் சந்தையில் மூன்று இளம் பெட்டை வாங்கினேன். கண்ணைப் பறிக்கிற கறுப்பு. தனிக் கூண்டில் பதினாலு நாள் வைக்கச் சொன்னாள். "கோழிக்கு எதுக்கு ஜெயில் தண்டனை?" என்று சொல்லிவிட்டு நேராகக் கொட்டகையில் விட்டேன். ஆறாம் நாள் காலையில் இரண்டு செத்துக் கிடந்தன. கொண்டை கறுத்து, தலை வீங்கி இருந்தது. ஒரு நாழிகைக்குள் இன்னும் இரண்டு விழுந்தன. அது என்ன என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது பொய்.

கொல்லையில் குழி தோண்டி நாலையும் புதைத்தேன். பிறகு என்ன செய்தேன்? எங்கள் மாமியாரும் அவருடைய மாமியாரும் செய்ததைத்தான். நன்றாக இருந்தவற்றில் மூன்று பெட்டையையும் சேவலையும் பிடித்துக் கால் கட்டிப் பெரிய துணிப்பையில் போட்டு, மேலே ஒரு புடவையை மூடினேன். என் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டுக்குப் போக மத்தியானம் பஸ். மூன்று வருஷமாக அந்தத் தெருவில் நடந்தது எல்லாம் அந்த ஒரு மணி நேரம் என் தலையில் இல்லவே இல்லை. விதை பிழைக்கணும், அவ்வளவுதான் இருந்தது.

அவள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே, இந்த வெயில்ல?"

"தங்கச்சி வீட்டுக்கு."

"பையில என்ன?"

"துணி."

துணி கொக்கரித்தது. எனக்குத் தேள் கொட்டிய திருடனைப் போல ஆகிவிட்டது, கத்தவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. அவள் நடுத்தெருவில் வந்து நின்றாள்.

"எத்தனை செத்துச்சு?"

"ரெண்டு."

"நிஜத்தைச் சொல்லு."

"நாலு. வழி விடுங்க, பஸ் போயிடும்."

"போகட்டும். அதுல நீ ஏறப் போறதில்லை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் இருப்பதிலேயே கூரானதைத் தேடி எடுத்து வீசினேன். "உங்க பொண்ணு வீட்டுக்குக் கூடையைத் தூக்கிட்டுப் போனப்ப இந்தப் புத்தி எங்கே போயிருந்துச்சு?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் நகரவில்லை.

"அப்ப இல்லை. இப்ப இருக்கு. அன்னைக்கு என்னைத் தடுக்க இந்த இடத்துல ஒருத்தியும் நிக்கலை. நின்னிருந்தா அவ காலைக் கழுவிக் குடிச்சிருப்பேன்."

"போன் பண்ணினா தெருவுல இருக்கிற அத்தனை கோழியையும் கொன்னுடுவாங்க. உங்களோட முப்பத்திரண்டும் போகும். அதுல ஒண்ணுக்குக்கூட ஒண்ணும் இல்லை, காலையில பார்த்தேன், எல்லாம் நல்லா மேயுது. யோசிச்சுப் பாருங்க அக்கா. நான் இந்த நாலை மட்டும் கொண்டுபோயிட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்கு எத்தனை கோழின்னு நீ சொல்லித் தர வேண்டாம்" என்றாள். "போனை எடு."

"நீங்களே பேசுங்க."

"செத்தது உன் கோழி. நான் பேசினா அது கோள். நீ பேசினா தகவல். எடுடி."

இருபது வருஷத்தில் அவள் என்னை டி போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நம்பர் என் கொட்டகைக் கதவில் இருந்தது. தினமும் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமாகியிருந்தது. பையைக் கீழே வைக்காமலே பேசினேன்.

சாயங்காலம் மாட்டு டாக்டர் ஆபீஸிலிருந்து உதவியாளர் ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்தார். புதைத்ததைத் தோண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினார். பக்கத்துத் தெருக்களிலும் சாம்பிள் எடுத்தார். ஒரு நோட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டார், இந்த வாரம் உங்கள் கோழி எதுவும் வெளியே போயிற்றா? எல்லா வீட்டிலும் இல்லை என்றார்கள். இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் காலையில் முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல்தான். எங்கள் தெருக் கோழி மொத்தமும் அழிக்க வேண்டும், மற்ற தெருக்களை இருபத்தோரு நாள் கண்காணிக்க வேண்டும்.

வெள்ளை அங்கி போட்ட ஆட்கள் என் கொட்டகையிலிருந்து ஆரம்பித்தார்கள். அது முடிந்ததும் அந்த உதவியாளர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்கு இவளை மூன்று வருஷமாகத் தெரியும். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்க கொட்டகைக் கதவு பின்தெருப் பக்கம்தானே திறக்குது? அந்தத் தெருவோட கணக்குல எழுதிட்டா கண்காணிப்போட போயிடும். நீங்க இவ்வளவு செஞ்சிருக்கீங்க…"

சரி என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தச் சுவர் என்ன உயரம்? இவ கொட்டகையில மேஞ்ச குருவி என் கொட்டகைக்கு வர்றப்ப எந்தக் கதவு எந்தத் தெருவுல திறக்குதுன்னு பாத்துட்டா வரும்? எழுதுங்க, இந்தத் தெருன்னு. எனக்கு ஒரு சட்டம், எதிர் வீட்டுக்கு ஒரு சட்டம்னா நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் குழாயடியில நிப்பேன்?"

அவள் கோழிகள் வேற்றாளைக் கண்டால் பறந்து ஓடும். "துரத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த அங்கியையும் கையுறையையும் போட்டுக்கொண்டு தானே உள்ளே போனாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒவ்வொன்றாக வந்தன. ரேடியோ வந்தது, மாமியார் வந்தது. எடுத்து எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் தங்கச்சி. அதை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்போது சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. அழாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

வெளியே தெரு கொதித்துக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுத் தையல்காரிதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். "எவடி போன் பண்ணினது? என் பதினேழு கோழியும் போச்சு. அவ குடும்பம் விளங்குமா?"

நான் என் வாசல் கதவின் பின்னால் ஒதுங்கி நின்றேன். அங்கியைக் கழற்றிவிட்டு வந்த என் ஓரகத்தி வாசற்படியில் நின்று சொன்னாள், "நான்தான். இப்ப என்ன?"

எதிர்பார்த்தது மாதிரியே ஊர் நம்பிவிட்டது. வேறு யார் செய்வார்கள்? அன்றைக்கு அவள் வாங்கிய சாபத்துக்கு ஒரு மூட்டை போதாது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? சாயங்காலம் குட்டைச் சுவருக்கு வந்து நின்றேன். அவள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை, என் பக்கமும் இல்லை.

"ஏன் அக்கா அப்படிச் சொன்னீங்க?"

"திட்டு வாங்கி எனக்குப் பழக்கம். நீ வாங்கினா உனக்குச் சோறு இறங்காது. போய் வேலையைப் பாரு."

அதைக் கேட்ட பிறகும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம். புது மாட்டு டாக்டர், சின்ன வயசுப் பெண், பெஞ்சு மேல் சாய்ந்து நின்று பேசினாள். மற்ற தெருக்களில் எடுத்த சாம்பிள் எல்லாம் சுத்தம். அன்றைக்கே போன் வந்ததால்தான் இது ஒரு தெருவோடு நின்றது, ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் ஊரே போயிருக்கும் என்றாள். போன் செய்தவருக்கு நன்றி என்றாள். எல்லாத் தலையும் என் ஓரகத்தி பக்கம் திரும்பியது. மூன்று நாளாகச் சாபம் விட்ட வாய்களில் ஒன்றிரண்டு கை தட்டவும் ஆரம்பித்தன.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்று சீறினாள் அவள். "போன் பண்ணினது அவ." என்னை விரலால் காட்டினாள்.

எப்படிப்பட்ட திமிர் பாருங்கள். திட்டு வந்தபோது தன் மேல் ஊற்றிக்கொண்டாள். பாராட்டு வந்ததும் வாளியோடு என் தலையில் கவிழ்த்தாள். இப்போது எல்லாரும் என்னைப் பார்த்துத் தட்டினார்கள். என் உடம்பு கூசியது.

டாக்டர் கையமர்த்திவிட்டுக் கேட்டாள். "இன்னும் ஒரே ஒரு கவலைதான். இந்தத் தெருவிலிருந்து கோழி எதுவும் வெளியூர் போகலையே? நோட்டுல இல்லைன்னுதான் இருக்கு. யாராவது மறந்திருந்தா இப்ப சொல்லலாம். தண்டனை எதுவும் இல்லை."

எல்லாருக்கும் திடீரென்று தங்கள் கால் விரலைப் பார்க்க வேண்டியிருந்தது. என் ஓரகத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். என்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு அந்தக் கைதட்டலோடு வீட்டுக்குப் போகலாம்.

எழுந்துவிட்டேன்.

"போன் பண்ணினது நான்தான். ஆனா அந்த நேரத்துல என் கையில ஒரு பை இருந்துச்சு. பையில மூணு பெட்டை, ஒரு சேவல். தங்கச்சி வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தேன். சீக்கைக் கொண்டுவந்ததும் நான்தான், சந்தையில வாங்கித் தனியா வைக்காம விட்டேன். இவங்க வழியை மறிச்சு நிக்கலைன்னா இந்நேரம் என் தங்கச்சி ஊர்லயும் கோழி செத்துக்கிட்டிருக்கும். இப்ப திட்டுறவங்க என்னைத் திட்டுங்க. மூணு நாளா ஆள் மாத்தித் திட்டிட்டீங்க."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. உட்கார மனசு வரவில்லை. அப்போது தையல்காரி எழுந்தாள். முந்தானையை வாயில் வைத்திருந்ததால் அவள் சொன்னது முதலில் கேட்கவில்லை. திரும்பச் சொன்னாள்.

"என் அண்ணன் வீட்டுல ரெண்டு இருக்கு. அன்னைக்குக் காலையில பின்தெருவுல வர்றப்ப இவ கொல்லையில குழி தோண்டுறதைப் பார்த்தேன். பின்வழியா போய் விட்டுட்டு வந்துட்டேன்."

என் ஓரகத்தி விருட்டென்று திரும்பினாள். சரி, இன்றைக்குப் பள்ளிக்கூடக் கூரை நிற்காது என்று நினைத்தேன். அவள் பெஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு தையல்காரி பக்கத்தில் போனாள். கத்தவில்லை.

"போன் போடு. கோழி எப்படி இருக்குன்னு அப்புறம் கேளு. முதல்ல, அதை யாரு யாரு தொட்டாங்கன்னு கேளு."

தையல்காரி போனை எடுத்தாள். நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை மணி அடித்தது, அந்தப் பக்கம் ஆள் எடுத்தார்.

"அண்ணா, நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் திட்டு" என்று ஆரம்பித்தாள்.

அவள் பேசி முடிப்பதற்குள் பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர் போனைக் கையில் எடுத்திருந்தார்கள்.